தச்சர்கள் கட்டிய மலை ஊர்!
குடும்பத்தோடு தகயாமா போய் வருவது எப்படி?

ஜப்பான் நாட்டின் நடுவே, பெரிய பெரிய மலைகளுக்கு இடையில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் தகயாமா.

"தக" என்றால் உயரம். "யாமா" என்றால் மலை. உயர்ந்த மலை என்பதுதான் ஊரின் பெயர்.

பெயருக்கு ஏற்ற ஊர்தான் அது. நகர எல்லைக்குள் 100க்கு 92 பங்கு காடு. எல்லையில் நிற்கும் ஒகுஹோதகா சிகரத்தின் உயரம் 3,190 மீட்டர். பரப்பளவைப் பார்த்தால் ஜப்பானிலேயே மிகப் பெரிய நகரம் இதுதான். 2,100 சதுர கிலோ மீட்டருக்கும் மேல்! ஆனால் மக்கள் தொகை ஒரு லட்சம் கூட இல்லை.

மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போன்ற சமவெளி. அதில் மியாகவா என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றின் கரையில் கறுத்த மர வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பல வீடுகள் நூறு ஆண்டைத் தாண்டியவை.

இந்த ஊரைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் காலை 10 மணிக்குப் பஸ்சில் வந்து இறங்குகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஒரு தெருவில் நடக்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். மாலை 4 மணிக்குப் புறப்பட்டு விடுகிறார்கள்.

அவர்கள் பார்த்தது கூட்டத்தை! ஊரை அல்ல.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு, கையில் உள்ள பணத்தைச் செலவழித்து, இவ்வளவு தூரம் போகிறவர்கள் அப்படித் திரும்பினால் அது நஷ்டம். தகயாமாவில் இரண்டு இரவு தங்க வேண்டும். அதிகாலையும் அந்தி நேரமும்தான் அந்த ஊரைக் காட்டும் நேரம். பயணத்தின் திட்டம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே போட வேண்டும்.

வரிக்குப் பதில் தச்சர்!

தகயாமா இருக்கும் பகுதிக்கு ஹிடா என்று பெயர். மலைப் பூமி. நெல் அதிகம் விளையாது. துணியும் அதிகம் நெய்ய முடியாது. மரம் மட்டும் ஏராளம்.

பழைய காலத்தில், ஜப்பான் அரசாங்கம் மக்களிடம் துணியாகவும் உடல் உழைப்பாகவும் வரி வாங்கியது. ஹிடா மக்களால் அதைக் கொடுக்க முடியவில்லை. அதனால் 8ஆம் நூற்றாண்டில் வந்த சட்டம் அவர்களுக்கு மட்டும் வேறு ஒரு வழி சொன்னது.

"நீங்கள் அந்த வரியைக் கட்ட வேண்டாம். அதற்குப் பதில் தச்சர்களை அனுப்புங்கள்" என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். 50 வீடு கொண்ட ஒவ்வொரு கிராமமும் 10 பேரை அனுப்ப வேண்டும்.

அவர்கள் மலை ஏறி இறங்கி, பல நாள் நடந்து, தலைநகருக்குப் போனார்கள். நாராவிலும், பிறகு கியோட்டோவிலும் அரண்மனைகளையும் கோவில்களையும் கட்டினார்கள். வேலை கடினம். தாங்க முடியாமல் சிலர் தப்பி ஓடினார்கள். அவர்களைப் பிடித்துக் கொண்டு வரும்படி அரசாங்கம் உத்தரவு போட்டது!

இப்படி அவர்களுடைய கைத்திறன் நாடு முழுவதும் புகழ் பெற்றது. "ஹிடாவின் தச்சர்" என்ற பெயரே கதைகளில் வரும் பெயராக ஆகிவிட்டது.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கானாமோரி நாகசிகா என்ற பிரபு ஹிடாவைப் பிடித்தார். மலை மேல் கோட்டை கட்டினார். அடிவாரத்தில் வியாபாரிகளுக்கு நேர் நேரான தெருக்கள் அமைத்தார். அந்தத் தெருக்கள்தான் இன்றைய பழைய நகரம்.

1692ஆம் ஆண்டு மத்திய ஆட்சியாளரான ஷோகன் இந்தப் பகுதியைத் தாமே எடுத்துக் கொண்டார். காரணம், காட்டு மரமும் சுரங்கங்களும்! அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. உயர்ந்த மரத்தை வெட்டிச் சுமந்த ஊரில், சாதாரண ஜனங்கள் தங்கள் வீட்டுக்கு அந்த உயர்ந்த மரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை இருந்தது.

1868ஆம் ஆண்டு ஷோகன் ஆட்சி போனது. தடையும் போனது. 1879ல் குசாக்கபே என்ற வியாபாரக் குடும்பம் உயர்ந்த சைப்ரஸ் மரத்தில் பெரிய வீடு கட்டியது. அந்த வீட்டை இன்றும் பார்க்கலாம். உள்ளே நின்று தலையை நிமிர்த்தினால் முரட்டு உத்தரங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பல காலம் பிறருக்கு மட்டும் கட்டிய கைகள், தங்கள் ஊரிலேயே கட்டிய வீடு அது.

பக்கத்தில் யோஷிஜிமா வீடு இருக்கிறது. 1907ல் கட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

இதுதான் முதல் கேள்வி.

ஏப்ரல் நடுவில் செர்ரிப் பூ மலரும். அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் இலைகள் சிவக்கும். இரண்டும் அழகான காலம். இரண்டும் கூட்டமான காலம்.

ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை ஜப்பானியருக்குத் தொடர் விடுமுறை. ஆகஸ்டு நடுவில் முன்னோரை வழிபடும் விடுமுறை. இந்த நாட்களில் ரெயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் விலை அதிகம்.

ஜனவரி, பிப்ரவரியில் பனி. இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். பனி மூடிய ஊர் சித்திரம் போல இருக்கும். ஆனால் தரை வழுக்கும். முழங்கால் வலி உள்ள பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் இந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

குடும்பத்தோடு போக வசதியான காலம் மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை. மலை எல்லாம் பச்சை. கூட்டம் குறைவு. ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும்.

தேர் பார்க்க ஆசையா?

தகயாமா என்றதும் ஜப்பானியருக்கு ஞாபகம் வருவது தேர்த் திருவிழா.

ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. வசந்தத் திருவிழா ஏப்ரல் 14, 15 தேதிகளில். இலையுதிர் காலத் திருவிழா அக்டோபர் 9, 10 தேதிகளில். கிழமை எதுவானாலும் தேதி மாறுவது இல்லை.

வசந்தத்தில் 12 தேர்கள். இலையுதிர் காலத்தில் 11 தேர்கள். மரச் செதுக்கு வேலை, தங்கப் பூச்சு, பட்டுத் திரை என்று ஒவ்வொன்றும் ஒரு பொக்கிஷம். ஒவ்வொரு தேரும் ஒவ்வொரு தெருக்காரர்களுக்குச் சொந்தம். என் தெருத் தேர் பெரிதா, உன் தெருத் தேர் பெரிதா என்ற போட்டியில்தான் இவ்வளவு அழகும் வந்தது.

சில தேர்களில் பொம்மலாட்டம் உண்டு. ஆட்கள் மறைந்திருந்து கயிறுகளை இழுப்பார்கள். பொம்மை கரணம் போடும்! குழந்தைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். இரவில் தேர்கள் விளக்குகளோடு வரும்.

2016ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ சபை, ஜப்பானின் 33 தேர்த் திருவிழாக்களை உலகப் பண்பாட்டுச் செல்வம் என்று அறிவித்தது. அவற்றில் தகயாமாவும் ஒன்று.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மழை பெய்தால் தேர் வெளியே வராது. பழைய மரமும் பட்டும் நனைந்தால் கெட்டுவிடும் என்பதால் தேர்க் கொட்டகையின் கதவு திறப்பதோடு சரி. திருவிழா நாட்களில் விடுதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து மழையில் நின்றால் மனம் உடைந்து போகும்.

அதனால் திருவிழாவை மட்டும் நம்பிப் பயணம் போடக் கூடாது. சகுராயாமா ஹச்சிமான் கோவிலை ஒட்டி ஒரு தேர்க் காட்சிசாலை இருக்கிறது. இலையுதிர் காலத் தேர்களில் சிலவற்றை மாற்றி மாற்றி அங்கே நிறுத்தி வைக்கிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் பயம் இல்லை. கூட்டத்தில் குழந்தையைத் தொலைக்கும் கவலையும் இல்லை.

எப்படிப் போவது?

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஜப்பான் செல்ல விசா வாங்க வேண்டும். அதை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும்.

டோக்கியோவிலிருந்து நகோயாவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரெயில் போகிறது. வேகமான வண்டியில் சுமார் 1 மணி 40 நிமிடம். நகோயாவில் இறங்கி, "ஹிடா" என்ற எக்ஸ்பிரஸ் ரெயிலில் ஏற வேண்டும். அது சுமார் இரண்டரை மணி நேரத்தில் தகயாமா சேரும்.

நகோயாவில் ஏறியதும் நாற்காலிகள் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். தப்பான வண்டி என்று பயப்பட வேண்டாம்! கிபு நிலையத்தில் ரெயில் திசை மாறும். பிறகு நாற்காலி நேராகிவிடும்.

கிபுவைத் தாண்டியதும் பாதை மலைக்குள் நுழைகிறது. ஹிடா ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி, பாலத்தில் இந்தக் கரை, அந்தக் கரை என்று மாறி மாறி ரெயில் ஓடும். கீழே பச்சை நிறத் தண்ணீர். குழந்தைகளை ஜன்னல் ஓரம் உட்கார வைக்க வேண்டும்.

கட்டண விஷயம் முக்கியம். 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், டிக்கெட் வாங்கிய ஒருவருக்கு இரண்டு பேர் வீதம், இலவசமாக வரலாம். ஆனால் அவர்களுக்குத் தனி இருக்கை ரிசர்வ் செய்தால் பாதிக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

ஜப்பான் முழுவதும் சுற்ற "ஜப்பான் ரெயில் பாஸ்" என்று ஒன்று உண்டு. 7 நாள் சாதாரணப் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் ஒரே தாவாக 50,000 யென் ஆனது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் வாங்கக் கூடாது. போகும் ஊர்களின் டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்து, பாஸ் மலிவா, டிக்கெட் மலிவா என்று முடிவு செய்ய வேண்டும். நகோயா, தகயாமா, கானாசவா வட்டாரத்துக்கு மட்டும் வெளிநாட்டவருக்கு என்று தனிப் பாஸ் ஒன்றும் உண்டு. அதையும் விசாரிக்கலாம்.

பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். நகோயா வரும் ஷின்கான்சென் ரெயிலில், நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் உள்ள பெட்டிக்கு, அதற்கென உள்ள இருக்கையை முன்கூட்டியே ரிசர்வ் செய்ய வேண்டும். இதை விடச் சுலபமான வழி, பெட்டியை அடுத்த ஊர் விடுதிக்குப் பார்சல் கம்பெனி மூலம் அனுப்பிவிடுவது. பெரும்பாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போய்ச் சேரும். இரண்டு நாள் துணியோடு ஒரு கைப்பை போதும்.

பனியில் நடந்த பெண்கள்

இன்று இரண்டரை மணி நேரத்தில் முடியும் பயணம் இது. ஆனால் இந்த ரெயில் பாதை முழுமையாகத் திறந்தது 1934ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு ஹிடாவிலிருந்து வெளியே போக வேண்டும் என்றால் பெரும்பாலும் நடைதான்.

அப்படி நடந்தவர்களில் ஏழை வீட்டுப் பெண்கள் ஏராளம். 13, 14 வயதுச் சிறுமிகள் கூட உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் நாகானோ மாநிலத்தில் ஒகாயா என்ற ஊர். அங்கே பட்டு நூல் ஆலைகள். ஜப்பானுக்கு வெளிநாட்டுப் பணம் கொண்டு வந்த முக்கியச் சரக்கு அந்தக் காலத்தில் பட்டு.

ஆலை வேலைக்கு இந்தப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நொமுகி கணவாய் வழியே நடந்து போனார்கள். கணவாயின் உயரம் 1,672 மீட்டர். ஆண்டுக் கடைசியில், பனிப் புயலில், சம்பளத்தை முடிந்துகொண்டு புது வருடத்துக்கு வீடு திரும்பினார்கள். வழியில் விழுந்து இறந்தவர்களும் உண்டு.

1909ஆம் ஆண்டு நவம்பர். மசாய் மினே என்ற 20 வயதுப் பெண் ஆலையில் நோய்வாய்ப்பட்டாள். "அழைத்துப் போங்கள்" என்று வீட்டுக்குத் தகவல் வந்தது. அண்ணன் தத்சுஜிரோ மலை கடந்து நடந்தே போனார். தங்கையை முதுகில் சுமந்துகொண்டு திரும்பினார்.

பல நாள் நடை. கணவாயின் உச்சிக்கு வந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சொந்த மண் தெரியும். ஹிடா தெரிகிறது என்று தங்கை மகிழ்ந்து சொன்னாளாம். சிறிது நேரத்தில் அவள் உயிர் பிரிந்தது!

அந்த இடத்தில், தங்கையைச் சுமந்து நிற்கும் அண்ணனின் சிலை இருக்கிறது. ரெயில் ஜன்னலில் மலைகளைப் பார்க்கும்போது இந்தக் கதையை வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மலை என்பது படம் எடுக்க மட்டும் இருப்பது அல்ல என்று அவர்களுக்குப் புரியும்.

எங்கே தங்குவது?

இரண்டு வகை விடுதி உண்டு.

ஒன்று, ரெயில் நிலையத்துக்கு அருகில் உள்ள நவீன ஓட்டல். கட்டில், நாற்காலி, லிப்ட் எல்லாம் உண்டு.

மற்றொன்று, ரியோகான் என்ற ஜப்பானிய விடுதி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தரையில் ததாமி என்ற கோரைப் பாய். அதன் மேல் இரவில் மெத்தை விரித்துத் தருவார்கள். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் விடுதியிலேயே கொடுப்பார்கள். பல விடுதிகளில் வெந்நீர்க் குளியல் கூடம் உண்டு. முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டித் தண்ணீர் எல்லோருக்கும் பொது.

ரியோகானில் வாடகை அறைக்கு அல்ல, ஆளுக்கு! இதை மறந்தால் கணக்கு உதைக்கும். குழந்தைகளுக்குச் சாப்பாடும் மெத்தையும் வேண்டுமா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தரையில் உட்கார்ந்து எழ முடியாத பெரியவர்கள் கூட வந்தால், கட்டில் உள்ள அறை கேட்க வேண்டும். ஒரு இரவு ரியோகான், ஒரு இரவு ஓட்டல் என்று பிரித்துக்கொண்டால் குழந்தைகளின் ஆசையும் தீரும். பணப்பையும் தாங்கும்.

சைவர்கள் கவனிக்க!

ஹிடா மாட்டிறைச்சிக்குப் பேர் போன இடம். ஆனால் இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இடைஞ்சல் அதனால் மட்டும் வருவது இல்லை. ஜப்பானியச் சாறுகளில் பெரும்பாலும் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும். காய்கறி மட்டும் மிதக்கும் கிண்ணத்திலும் அது இருக்கும்! நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் இருக்கும்.

"இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. "மீன் சாறும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதையும் அறை பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். வந்து இறங்கியபின் சொன்னால் சமையல்காரர் தவித்துப் போவார்.

புத்த பிக்குகளின் சைவச் சாப்பாட்டுக்கு ஷோஜின் உணவு என்று பெயர். டோபு, காளான், மலைக் கீரை, எள் முதலியவை அதில் வரும். தகயாமாவில் அது கிடைக்கும். முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

தெருவில் மிதராஷி என்ற அரிசிமாவு உருண்டையைக் குச்சியில் குத்தி, சோயா சாறு தடவிச் சுட்டுத் தருகிறார்கள். மற்ற ஊர்களில் அது இனிப்பு. இங்கே உப்புக் கரிக்கும். காய்ந்த மக்னோலியா இலையில் மிசோ என்ற சோயா விழுதை வைத்து, அடியில் நெருப்பு மூட்டி, சோற்றோடு சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். இலை வாசனை ஊரையே கூட்டும்!

முதல் நாள்: வரி வாங்கிய மாளிகை

நகோயாவில் காலையில் புறப்பட்டால் மதியம் தகயாமா வந்துவிடலாம். நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு 10, 15 நிமிட நடைதான். பாதை சமதரை.

முதலில் பார்க்க வேண்டியது ஜின்யா. ஷோகனின் அதிகாரி உட்கார்ந்து ஆட்சி செய்த மாளிகை. இந்த வகை மாளிகைகள் ஜப்பானில் பல இடங்களில் இருந்தன. தலைமைக் கட்டடம் இன்றும் நிற்பது இங்கே ஒன்றுதான். 1969ஆம் ஆண்டு வரை இங்கே அரசாங்க ஆபீஸ் நடந்தது.

உள்ளே பளபளக்கும் மரத்தரை. ஆணியின் தலையை மறைக்க முயல் உருவத்தில் செய்த மூடிகள். குழந்தைகளை முயலைத் தேட விட்டால் நேரம் போவதே தெரியாது.

பெரியவர்கள் வேறு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, விவசாயிகள் கொண்டு வந்த வரி நெல்லைச் சேர்த்த பெரிய களஞ்சியம். மற்றொன்று, சித்திரவதைக் கருவிகள் உள்ள விசாரணை அறை.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. 1771 முதல் சுமார் 18 ஆண்டு, ஒஹாரா என்ற அதிகாரியையும் அவர் மகனையும் எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். நிலத்தை மறுபடி அளந்து வரியை ஏற்றியதே பெரிய காரணம். கூட்டமாகக் கூடியவர்கள் மேல் படை ஏவப்பட்டது. பலர் கொல்லப்பட்டார்கள். ஹோங்கோ கிராமத்தைச் சேர்ந்த ஸென்குரோ என்ற 18 வயதுக் காளையும் அவர்களில் ஒருவன். 1774ல் அவன் தலை வெட்டப்பட்டது.

ஆனாலும் மக்கள் விடவில்லை. கடைசியில் முறையீடு தலைநகருக்கு எட்டியது. அதிகாரியின் மகன் பதவி இழந்து தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்!

மாலை 5 மணிக்கு மேல் பகல் கூட்டம் கலைந்துவிடும். கடைகளும் மூடிவிடும். அப்போது சன்மாச்சி என்ற பழைய தெருக்களில் நடக்க வேண்டும். இரு பக்கமும் கறுத்த மரச் சட்ட ஜன்னல்கள். ஓரத்தில் சலசலக்கும் ஓடை. சில வீட்டுக் கூரையில் பெரிய பந்து போலத் தேவதாரு இலைக் கொத்து தொங்கும். அது அரிசி மது காய்ச்சும் வீட்டின் அடையாளம். பந்து பச்சையாக இருந்தால் புது மது வந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் நாள்: காலைச் சந்தை

விடிந்ததும் எழுந்துவிட வேண்டும். ஜின்யா முன்பும் மியாகவா ஆற்றங்கரையிலும் காலைச் சந்தை கூடும். கோடையில் 7 மணிக்கே தொடங்கிவிடும். மதியத்தோடு முடியும்.

பக்கத்து ஊர் மூதாட்டிகள் காய்கறி, ஊறுகாய், ஆப்பிள், பூ விற்கிறார்கள். சில்லறைக் காசு கொண்டு போக வேண்டும்.

சந்தையில் சிவப்புத் துணிப் பொம்மை ஒன்று தொங்கும். பெயர் சாருபோபோ. குரங்குக் குட்டி என்று அர்த்தம். அதற்கு முகம் கிடையாது! அந்தக் காலத்தில் பாட்டிகள் பேத்திகளுக்குத் தைத்துக் கொடுத்த பொம்மை அது. பார்க்கிறவர் சிரித்தால் அதுவும் சிரிக்கும், அழுதால் அதுவும் அழும் என்கிறார்கள்.

பிறகு குசாக்கபே வீடு, யோஷிஜிமா வீடு, தேர்க் காட்சிசாலை. மதியம் பஸ்சில் ஹிடா கிராமியக் காட்சிசாலைக்குப் போகலாம். மலைக் கிராமங்களில் இருந்த பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து, ஒரு குளத்தைச் சுற்றி அமைத்திருக்கிறார்கள். 1971ல் திறந்தது. குழந்தைகள் ஓடி ஆட இடம் உண்டு.

மூன்றாம் நாள்: கும்பிடும் வீடுகள்

தகயாமாவிலிருந்து ஷிரகவாகோ கிராமத்துக்குப் பஸ்சில் சுமார் 50 நிமிடம். பல பஸ்களுக்கு முன்பதிவு தேவை.

இங்குள்ள வீட்டுக் கூரை கை கூப்பிக் கும்பிடுவது போலச் செங்குத்தாக இருக்கும். பனி தங்காமல் சரிந்து விழுவதற்காக அப்படி. கூரைக்குள் இரண்டு மூன்று தட்டுகள். அங்கே பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரையின் சட்டங்களை ஆணி இல்லாமல் கயிற்றாலும் கொடியாலும் கட்டியிருக்கிறார்கள்.

சுமார் 30 ஆண்டுக்கு ஒருமுறை கூரையை மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் முடியாது. ஊரே கூடி வேய்ந்து தரும். இன்று உன் வீடு, நாளை என் வீடு! கூலி கிடையாது. இந்த வழக்கத்துக்கு "யுயி" என்று பெயர். 1995ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இங்கிருந்து அப்படியே பஸ்சில் ஒன்றேகால் மணி நேரம் போனால் கானாசவா நகரம். அங்கிருந்து டோக்கியோவுக்கு 2015 முதல் ஷின்கான்சென் ஓடுகிறது. வந்த வழியே திரும்ப வேண்டியது இல்லை.

குடியிருக்கும் வீடுகள்

ஒன்றை மறக்கக் கூடாது. சன்மாச்சியும் ஷிரகவாகோவும் மக்கள் குடியிருக்கும் இடங்கள். கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. நடந்துகொண்டே சாப்பிட்டுக் குப்பையைப் போடக் கூடாது. தெருவில் குப்பைத் தொட்டி அதிகம் இராது. குப்பையைப் பையில் போட்டு விடுதிக்குக் கொண்டு போக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் நெருப்பு. ஒரு தீப்பொறி போதும், புல் கூரையும் மரத் தெருவும் சாம்பலாகிவிடும். 1875ல் தகயாமாவில் பிடித்த பெருந்தீயில் குசாக்கபே குடும்பத்தின் முந்தைய வீடு எரிந்து போனது. 1879ல் எழுந்தது அதற்குப் பதில் கட்டிய வீடுதான். ஷிரகவாகோவில் ஊர் முழுவதும் தண்ணீர் பீரங்கிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து சோதிக்கிறார்கள். புகை பிடிக்கிறவர்கள் அதற்கென்று உள்ள இடத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

சன்மாச்சி 1979ல் தேசத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. சட்டம் ஒரு பக்கம் காக்கிறது. மறுபக்கம் அங்கே வாழும் குடும்பங்கள், குளிரும் பழமையும் பொறுத்துக்கொண்டு, தாத்தா கட்டிய வீட்டை இடிக்காமல் காத்து வருகிறார்கள்.

ஆகவே, திட்டம் இதுதான். கூட்டம் இல்லாத மாதம். இரண்டு இரவு. ஒரு சிறு பை. சாப்பாட்டு விஷயம் முன்கூட்டியே. அதிகாலையில் சந்தை, அந்தியில் தெரு. நடுப்பகலில் கூட்டம் வரும்போது குழந்தைகளும் பெரியவர்களும் அறையில் சற்று ஓய்வு எடுக்கலாம்.

குறைவான இடங்களைப் பார்த்தாலும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஊர்த் தச்சர்கள் அவசரப்பட்டு எதையும் கட்டவில்லை.